நூறு காட்டிய தெர்மாமீட்டர்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு தெர்மாமீட்டர் கிடக்கிறது. வட்ட முகம், அதற்குக் கீழே சாண் நீளத்துக்கு எஃகுத் தண்டு, உள்ளே ஒரு சிவப்பு முள். தூக்கிப் போடுங்கள் என்று என் மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். போட மாட்டேன். என்னை ஏமாற்றியவற்றில் என் கையில் அகப்பட்டது அது ஒன்றுதான்.

நான் கடலோரத்து ஆள். தூத்துக்குடிக்குத் தெற்கே, காற்றடித்தால் சோற்றில் மணல் விழுகிற ஊர். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் சேர்ந்தேன். அன்றிலிருந்து அளப்பதுதான் வேலை. தலைமுடியைப் பல கூறாக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு நுணுக்கமாக அளப்போம். எங்கள் பிரிவில் யாரும் யாரையும் நம்ப மாட்டோம், கருவியை மட்டுமே நம்புவோம். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை.

என் சிநேகிதன் அப்போது அதே தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்த ஊர் ஓசூருக்குப் பக்கத்தில் உத்தனப்பள்ளி. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னோடு தமிழ். என்னை 'குரு' என்றுதான் கூப்பிடுவான். அந்தப் பக்கத்துப் பையன்கள் சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், குருபக்தியெல்லாம் ஒன்றுமில்லை. ஆனாலும் வேற்றூரில் ஒருத்தன் வாய்நிறைய அப்படிக் கூப்பிட்டால் மனசு கரைந்துதான் போகிறது. இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சொந்தம் அவன் என்று நினைத்திருந்தேன்.

பீர் காய்ச்சும் பைத்தியம் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட் எல்லாமே பெங்களூரில் பொட்டலமாகக் கிடைக்கிறது என்று அவன் விசாரித்து வந்தான். அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கம், அவன் சொந்தக்காரர் ஒருவரின் ஷெட் சும்மா கிடந்தது. வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பார்த்துச் சட்டம் இரண்டு பக்கமும் முகத்தைச் சுளிக்கத்தான் செய்யும். ஆனால் எல்லையைத் தாண்டிவிட்டால் ஏதோ பாதி மன்னிப்பு கிடைத்த மாதிரி எங்களுக்கு ஓர் எண்ணம்.

ராகி என் யோசனை. அவன் நிலத்து ராகியை முளைகட்டி, காயவைத்து, வாணலியில் கருக விடாமல் வறுத்து, பார்லியோடு சேர்த்தால் என்ன என்று நான்தான் சொன்னேன். "களி கிண்டுறதுக்கு ஆவுறத பீருல போடறியா குரு, எங்கம்மா கேட்டா செருப்பால அடிக்கும்" என்று சிரித்தான். ஆனால் அடுத்த வாரமே ஒரு பை ராகியோடு வந்து நின்றான்.

தெர்மாமீட்டர் எதுவும் இல்லாமல், குருட்டாம்போக்கில் நாங்கள் காய்ச்சிய ஒரு சட்டி பீர் பிரமாதமாக வந்துவிட்டது. கூடவே வினையும் வந்தது. பெங்களூர் சர்ஜாபூர் ரோட்டில் சொந்தமாகப் பீர் காய்ச்சி ஊற்றுகிற கடை ஒன்று உண்டு. அதை நடத்துகிற கன்னடக்கார அம்மா யார் மூலமாகவோ அதைக் குடித்துப் பார்த்துவிட்டு எங்களை வரச் சொன்னார். காய்ச்சும் இடத்தில் ஒரு ஆள் வேண்டும், ஒரே ஒரு ஆள். "ரெண்டு பேரும் தனித்தனியா காய்ச்சி எடுத்துட்டு வாங்க. இதே ருசி வரணும். ஒரு தடவ வர்றது அதிர்ஷ்டம், மறுபடி வந்தாதான் வேலை" என்றார்.

அந்த வேலைக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மாறுகிற ஷிப்டு, அடுத்தவன் செய்த பாகத்தில் குறை கண்டுபிடிக்கிற பிழைப்பு, என் கையால் உருவாகிற பொருள் என்று ஒன்றுகூட இல்லாத வாழ்க்கை. அந்தக் கடையில் செம்புப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்ற கொஞ்ச நேரத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பீர் என்றாலே மூக்கைப் பொத்துகிறவள். அவளே, "கெடச்சிரும், பாருங்க" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போதே நானும் அவனும் பேசி வைத்துக்கொண்டோம். ராகிக் கணக்கு இருவருக்கும் ஒன்றே. அவரவர் வார விடுமுறையில் அதே ஷெட்டில், அதே பாத்திரத்தில் தனித்தனியாகக் காய்ச்சுவது. யாருக்குக் கிடைத்தாலும் அடுத்தவனைப் பின்னால் இழுத்துக்கொள்வது. அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். கேட்டது நானில்லை, அவனாகச் செய்தது.

அதே ருசி மறுபடி வர வேண்டுமென்றால் சூடு சரியாக இருக்க வேண்டும். அரைத்த மால்ட்டை, அதாவது முளைகட்டிய அந்தத் தானியத்தை, வெந்நீரில் ஊறப்போடும்போது அறுபத்தேழு டிகிரி. அங்கேதான் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. இரண்டு மூன்று டிகிரி இறங்கிப்போனால் மிச்சம் வைக்காமல் ஈஸ்ட் அந்தச் சர்க்கரை முழுவதையும் தின்றுவிடும். பீரில் மணம் இருக்கும், போதை இருக்கும், வாயில் கனம் இருக்காது. தெளிந்த ரசத்தை மேலாக மொண்டு குடித்த மாதிரி இருக்கும்.

எனவே தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒன்று போதாதென்று மூன்று வாங்கினேன், எங்கள் பிரிவின் புத்தி. ஒன்று கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்புத் திரவம். இரண்டாவது பேனா மாதிரி சட்டைப்பையில் செருகிக்கொள்ளக் கூடிய டிஜிட்டல். மூன்றாவது இந்த வட்ட முகம். எது நம்பகமானது என்று பார்த்துவிட்டு மற்றவற்றை ஒதுக்கிவிடுவதாகத் திட்டம். அவனையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு மதியம் ஷெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன்.

கண்ணாடிக் குழாய் கூரியரில் வரும்போதே கெட்டுப்போயிருந்தது. சிவப்புக் கோடு நடுவில் அறுந்து இரண்டு துண்டாக நின்றது. அதைத் தள்ளி வைத்தேன். மற்ற இரண்டையும் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். பேனா தொண்ணூற்றேழுக்கு ஏறி அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது. வட்ட முகத்தின் முள் மெதுவாகச் சுற்றி வந்து நூறின் மேல் நேராக நின்றது. அச்சடித்த மாதிரி நூறு.

அவன் குனிந்து இரண்டையும் பார்த்தான். அடுப்பைக் கொஞ்சம் கூட்டி விட்டான். தண்ணீர் துள்ளியதே தவிர, இரண்டு அளவும் அப்படியே இருந்தன.

"பேனா மூணு டிகிரி கொறச்சுல்லா காட்டுது. புதுசுன்னு சொல்லி தலையில கட்டிட்டான் பாரு" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்போது அதில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப நூறு காட்டுறதுதானே சரி?" என்று கேட்டேன்.

"ஆமா குரு. நூறுதான கொதி. அதயே வெச்சுக்கோ."

ஐஸ் தண்ணீரில் வைத்தும் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதற்குத்தான் எடுத்தேன். வட்ட முகத்தில் எண்களே இருபதிலிருந்துதான் தொடங்கின. பேனாவை அதற்குள் கெட்டதென்று தள்ளியிருந்தேன். போகட்டும், கொதிநிலை ஒன்று போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு என்று விட்டுவிட்டேன்.

பேனாவின் மூடி அடுப்போரத்தில் கிடந்து ஒரு பக்கம் உருகிப்போயிருந்தது. கெட்ட கருவிக்கு உருகிய மூடி, பொருத்தம்தான் என்று அதைக் குப்பையில் போடப் போனேன். அவன் கையை நீட்டினான்.

"வேணாம்னா எனக்குக் குடு குரு. வூட்ல கோழிக்குஞ்சுப் பொட்டிக்குள்ள பல்பு போட்டு வெச்சிருக்குது, சூடு பாக்க ஆவும். மூணு டிகிரி முன்ன பின்ன இருந்தா குஞ்சுங்களுக்குத் தெரியவா போவுது?"

நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன்.

"அப்ப நீ காய்ச்சும்போது எதை வச்சுப் பாப்ப? இந்த வட்டத்த இங்கயே விட்டுட்டுப் போகவா?"

"எனக்கெதுக்கு? பாய்லர் பக்கத்துல நின்னு நின்னு தோலுக்கே டிகிரி தெரியும். கைய வெச்சே பாத்துக்கறேன்."

அதையும் நம்பினேன். அவன் மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

நான் காய்ச்சிய முதல் சட்டி மெலிசாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. வட்ட முகம் அறுபத்தேழு காட்டியதைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். சூட்டில் தப்பு இருக்க வழியே இல்லை. அப்படியானால் வேறு எதிலோ தப்பு. அவனிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது?

"வறுவல் பத்தல குரு" என்றான். இன்னும் வறுத்தேன், கசந்தது. "தண்ணிய மாத்திப் பாரு" என்றான். கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். "அந்த ராகி பழசாயிருக்கும்" என்று சொல்லி ஊரிலிருந்து புது ராகியை மூட்டையாகவே கொண்டுவந்து இறக்கினான், அதுவும் வெயிலில் வண்டியில் வைத்து. நான் நன்றி சொன்னேன். கண் கலங்கச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அதே நாட்களில் வீட்டில் என் மனைவி ஒரு புகார் சொல்லிக்கொண்டே இருப்பாள். குக்கரில் வைத்த சோறு அவளுக்குப் பிடிக்காது, பானையில் வடித்தால்தான் சோறு. "இந்த ஊருத் தண்ணி சரியில்ல. சோறு வேகவே மாட்டேங்கு. ஊர்லன்னா இந்நேரம் வடிச்சிருப்பேன்" என்பாள். அடுப்பைக் கூட்டி வை என்று சொல்லிவிட்டு நான் பீர்க் கவலைக்குத் திரும்பிவிடுவேன்.

நாள் வந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில், அவரவர் பாட்டில்களைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம். கடைக்கார அம்மா முதலில் என்னுடையதை ஊற்றினார். முகர்ந்தார், தலையாட்டினார். "வாசனை சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சிக்கொண்டே குடித்தார். பிறகு கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஆனா வாய்ல ஒண்ணும் நிக்கலையே, ஏன்?" என்றார். அவனுடையதைக் குடித்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார், அவ்வளவுதான்.

என்னையும் குடித்துப் பார்க்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்கு அன்று அந்தத் தைரியம் இல்லை.

வேலையில் சேர்ந்த அன்று அவன் மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தான். "எடம் வரட்டும் குரு, உன்ன இழுத்துக்கறேன்" என்றான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உள்ளே எரிந்தது. ஆனால் எரிச்சல் எல்லாம் என் மேல்தான். அளக்கத் தெரிந்த எனக்குக் கைவரவில்லை, அவனுக்குத் தோலிலேயே ஞானம் இருக்கிறது, கொடுத்து வைத்தவன். இப்படியெல்லாம் நினைத்து என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். ஷெட் பக்கம் போவதை விட்டேன். பாத்திரங்களை எடைக்குப் போட்டேன். வட்ட முகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தயிருக்கு உறை ஊற்றும்போது பால் சூடு பார்க்க என் மனைவிக்கு அது உதவியது.

பிறகு கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். என் அம்மா உறை ஊற்றும் தயிர் சில நாள் புளித்துவிடும், சில நாள் இழுத்துக்கொண்டு நிற்கும். மகன் பெரிய அளவுக்காரனாயிற்றே, சரிசெய்து கொடுப்போம் என்று வட்ட முகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அம்மாவுக்கு முதலில் கருவி மேல் நம்பிக்கை வர வேண்டும் என்று தண்ணீரைக் கொதிக்க வைத்தேன்.

"பாரும்மா, இப்ப கரெக்டா நூறு காட்டும்" என்றேன்.

முள் ஏறியது. நூறுக்கு வந்தது. நிற்கவில்லை. நூற்று மூன்றில் போய்தான் நின்றது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னய்யா நூத்தி மூணு காட்டுது? தண்ணிக்குக் காய்ச்சலா?" என்றாள். பக்கத்தில் நின்ற என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் நூறைத் தாண்டாது. கடலுக்குப் பக்கத்தில் அது நூறில்தான் கொதிக்கும், நான் படித்ததும் பார்த்ததும் இந்த ஊரில்தான். ஆகவே வட்ட முகம் மூன்று டிகிரி கூட்டிக் காட்டுகிறது. அதே வட்ட முகம் அத்திப்பள்ளி ஷெட்டில் நூறு காட்டியது. அப்படியானால் அங்கே தண்ணீர் கொதித்தது தொண்ணூற்றேழில். பேனா காட்டிய அதே தொண்ணூற்றேழு.

உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் பாடத்தில் மலை உச்சிப் படம் போட்டிருந்தார்கள். எனக்கு மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல். ஓசூர் கண்ணுக்குத் தட்டையாகக் கிடக்கிறது, லாரி சர்வசாதாரணமாகப் போகிறது. அந்த ஊர் முழுக்க உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது குளிரும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. "அப்ப என் சோறு?" என்றாள் மனைவி. ஆமாம், அவள் சோறும் அதனால்தான்.

கருவி தப்பு, என் கணிப்பு தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது என்னைக் கொன்றது அது இல்லை. அவன் பாய்லர்க்காரன். தண்ணீர் எப்போது கொதிக்கும் என்பதுதான் அவன் பிழைப்பு. அதற்குத்தான் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினான். பிறந்து வளர்ந்ததும் அதே மேட்டில். அன்று அடுப்பைக் கூட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தானே, அந்தப் பார்வையின் அர்த்தம் கடலோரத்தில் என் அம்மா வீட்டில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்ததும் நேராக அந்தக் கடைக்குப் போனேன். பிற்பகல், கூட்டம் இல்லை. அவன் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதுகூடப் பொய்யில்லை என்றுதான் தோன்றியது. அவன் சட்டைப்பையில் அந்தப் பேனா செருகியிருந்தது. மூடி ஒரு பக்கம் உருகியிருந்தது.

"கோழிக்குஞ்செல்லாம் சொகமா?" என்று கேட்டேன்.

அவன் கை தானாகப் பையை மூடியது. பிறகு இறங்கிவிட்டது.

"அன்னிக்கே தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"வறுவல் பத்தலன்ன. தண்ணி சரியில்லன்ன. மூட்டை தூக்கிட்டு வந்து ராகி குடுத்தியே, அது எதுக்குல?"

"பாக்க முடியல குரு. நீ அப்டி கஷ்டப்படறது... ஏதாச்சும் செய்யணும்னு இருந்துச்சு."

"உண்மையச் சொல்லியிருக்கலாம்லா?"

"பாய்லர் ஹவுஸ காண்டிராக்ட்டுக்கு உடப்போறாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. உனக்கு வேலை நிக்கும். எனக்கு நிக்காது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உன்னக் கேட்டிருந்தா உட்டுக் குடுத்திருப்பியா?"

விட்டுக் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பையே அவன் எனக்குத் தரவில்லை. என்னைக் கேட்காமல் என் பதிலை அவனே எழுதிக்கொண்டான். என் சிநேகிதத்துக்கு அவன் போட்ட மதிப்பு அவ்வளவுதான்.

அவன் உள்ளே போய் ஒரு கிளாஸோடு வந்தான். "பிடு குரு" என்றான். 'விடு' என்பதை எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வான். "இத ஒரு வாய் குடி. அப்பறம் என்ன வேணா திட்டு."

குடித்தேன். வறுத்த ராகியின் மணம் முதலில் வந்தது. பிறகு அந்தக் கனம் நாக்கில் வந்து உட்கார்ந்து, விழுங்கின பிறகும் எழுந்து போகாமல் இருந்தது. எத்தனையோ சட்டிகளில் நான் தேடி, என்னையே திட்டித் தீர்த்து, கடைசியில் எனக்குக் கொடுப்பினையில்லை என்று கைவிட்ட பீர் இது. என் ராகி, என் கணக்கு, சரியான சூடு.

"நல்லாருக்குதா?" என்றான். நிஜமாகவே பயந்துகொண்டு கேட்டான்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் அன்று சொன்ன மாதிரி, நானும் இன்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் ஒன்றும் நிற்கவில்லை என்று சொன்னால் போதும், அவன் தூக்கம் போயிருக்கும். எனக்குப் பொய் வரவில்லை.

"நல்லாருக்கு" என்றேன்.

அவன் கண் நிறைந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, மூடியைக் கழற்றித் தண்டைத் துடைத்து, திரும்ப மாட்டி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். "இது உன்னுது. எடுத்துக்கோ குரு."

கிளாஸை மேஜையில் வைத்தேன்.

"வேண்டாம். நீயே வச்சுக்கோ, கோழிக்குஞ்சுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.